கற்பூரம் அடிச்ச கை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஒத்துக்கிறேன். பேரு கங்கம்மா. எங்க திருப்பதில கங்கம்மா ஜாத்திரை வந்தா ஊரே அந்த ஆத்தாவ வாய்க்கு வந்தபடி திட்டும், அவ சிரிச்சுக்கினு கேட்டுக்கினு இருப்பா. என் கதை அப்படியே தலைகீழு. நான் திட்டுவேன், ஊரு கேக்கும்.

திட்டறதுக்கே உனக்கு சம்பளம் குடுக்கறாங்கன்னு என் பொண்ணு காவ்யா கிண்டல் பண்ணுவா. அது ஒண்ணும் பொய்யில்ல. நல்ல வீடு, கொழந்தைய பாத்துக்கினா போதும்னு ஆசை காட்டி, பொம்பளைங்கள சுத்திப் பாக்க வர்றவங்க விசா போட்டு வளைகுடாவுக்கு ஏத்தி அனுப்பிட்டு, எறங்கினதும் பாஸ்போர்ட்ட புடுங்கிக்கிற கூட்டம் எங்க பக்கம் ஜாஸ்தி. போனவங்க வீட்டுக்குள்ள பூட்டிக் கெடப்பாங்க. அந்தப் பொம்பளைங்கள போறதுக்கு முன்னாடியே புடிச்சு நிறுத்தறதுதான் எங்க சங்கத்து வேல. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒத்த ரூமு. நான், வக்கீல் ராம்ப்ரசாத், ஒரு போனு. நிறுத்தி ஊட்டுக்கு அனுப்பின ஒவ்வொருத்திக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை போன் பண்ணுவேன். "நீ எடுக்கணும். எடுக்கலன்னா நான் பஸ் ஏறி வந்துடுவேன்"னு மொதல்லயே சொல்லி வெச்சுடுவேன்.

ஊர் ஊரா மீட்டிங்கும் போடுவேன். அதுல தவறாம ஒண்ணு சொல்லுவேன். "ஏஜென்டு உங்க கிட்ட கற்பூரம் அடிச்சு சத்தியம் வாங்குவான். யார் கிட்டயும் சொல்ல மாட்டேன்னு புள்ள தலை மேல அடிக்க சொல்லுவான். அடிச்சுட்டமேன்னு வாய மூடிக்கினு கெடக்காதீங்க. கற்பூரம் கடைல விக்கிற சாமான். எரிஞ்சா நெருப்பு, அணைஞ்சா கரி. அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல." சொல்லிட்டு உள்ளங்கைய தட்டிக் காட்டுவேன். பொம்பளைங்க சிரிப்பாங்க.

அன்னிக்கு காலைல நான் ரூமத் தொறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல ஒரு பொம்பள நின்னுக்கினு இருந்தா. தலையில பஞ்சுத் தூசி. நகரிங்கற ஊர்ல பவர்லூம் தறி ஓட்டுறவ, பேரு அலர்மேல். மொதல் பஸ்ஸ புடிச்சு வந்திருக்கா. அவ பொண்ணு மாதவிக்கு பதினாறு வயசு. நேத்து சாயங்காலத்துலருந்து காணோம்.

"எங்கூட சண்ட போட்டுட்டு போயிட்டா. இன்டர் பரிச்சைல ஃபெயிலாயிட்டா, நானும் வாய விட்டுட்டேன்" என்றாள். "கூடப் படிச்ச பொண்ண மெரட்டிக் கேட்டேன். சிட்டிபாபு வெளிநாட்டுல வேல வாங்கித் தரானாம். பாஸ்போர்ட்ல வேற பேராம், வயசு இருபத்திநாலாம். இன்னிக்கு ராவுக்குள்ள பிளேன் ஏறிடுவாளாம். அலிபிரில சாமி கும்பிட்டுட்டு போறோம்னு சொல்லியிருக்கா."

சிட்டிபாபு பேரக் கேட்டதும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிடுச்சு. எங்க பக்கத்து ஆளுதான். வெள்ள சட்ட, நெத்தில கோடு மாதிரி நாமம், யாரப் பாத்தாலும் அக்கா அக்கா. அவன் அனுப்பின பொம்பளைங்கள்ல ஒருத்தி கூட இது வரைக்கும் அவன் பேர வாயால சொன்னதில்ல. அலிபிரின்னதும் ஏன்னு புரிஞ்சுடுச்சு. மலைக்கு நடந்து ஏறறவங்க மொதல் படில கற்பூரம் ஏத்தறாங்களே, அங்க வெச்சுத்தான் இவன் சத்தியம் வாங்குறான். ஏழுமலையான் காலடில அடிச்சத எவ முறிப்பா?

ராம்ப்ரசாதுக்கு போன் போட்டேன். எஸ்.ஐ. பூமா மேடத்துக்கும் போட்டேன். அவங்க தெலுங்கு, ஆனா தமிழ் நல்லாப் பேசுவாங்க. அலர்மேல ஆட்டோல ஏத்திக்கினு அலிபிரி போய் சேர்றதுக்குள்ள வெயில் ஏறிடுச்சு.

சிட்டிபாபு டீக்கடைல உக்காந்து பன்னு துன்னுக்கினு இருந்தான். அலர்மேல் ஓடிப்போய் சட்டையப் புடிச்சுட்டா. "எங்கடா எம் பொண்ணு?" அவன் எழுந்திருக்கக் கூட இல்ல. பன்ன கீழ வெச்சுட்டு, கையத் தொடச்சுக்கினு, "யாரு பொண்ணுக்கா? நான் எங்க சித்தி பொண்ண மலைக்கு கூட்டிக்கினு வந்தேன்" என்றான். அவன் பக்கத்துல ஒரு பொம்பள, முப்பது வயசு இருக்கும், மடில ஒரு பைய வெச்சுக்கினு குனிஞ்சு உக்காந்திருந்தா. மாதவி அங்க இல்ல.

பூமா மேடம் அதுக்குள்ள வந்து ரெண்டு பேரையும் பக்கத்துல இருந்த போலீஸ் அவுட்போஸ்டுக்கு கூட்டிக்கினு போனாங்க. சிட்டிபாபு முன் ரூம்ல உக்காந்தான். அவன் போன மேசை மேல வெச்சாங்க. வெச்ச கொஞ்ச நேரத்துலயே அது அடிக்க ஆரம்பிச்சுது. தீனான்னு பேரு வந்துது.

"யார்றா இவன்?"

"எங்க மாமா பையன் மேடம். சும்மா பண்ணுவான்."

மேடம் என்ன வெளிய கூட்டிக்கினு போய் தணிஞ்ச குரல்ல சொன்னாங்க. "அந்தப் பொண்ணு இந்த தீனா கிட்டத்தான் இருக்கணும். அவன் போனு டவரு புத்தூர் பக்கம்னு காட்டுது. புத்தூர் பக்கம்னா எத்தினி ஊரு, எத்தினி தோப்பு. மெட்ராஸ் ஏர்போர்ட்டா, பெங்களூரான்னும் தெரியாது. போட்டோ அனுப்பிட்டேன். ஆனா எந்தப் பேர்ல போறான்னு தெரியாம கூட்டத்துல யாரு கண்டுபிடிப்பாங்க? இவன் போன எடுக்கலன்னா அவன் உஷாராயி பொண்ண வேற எடத்துக்கு தள்ளிக்கினு போயிடுவான். அந்தப் பொம்பளைய பேச வைங்க, கங்கம்மா. சீக்கிரம்."

நான் உள்ள போறப்போ சிட்டிபாபு என்னப் பாத்து சிரிச்சான். "கேளுங்கக்கா. தெரிஞ்சா அது சொல்லும்" என்றான். ஒரு அறை விட்டிருப்பேன், மேடம் என் தோளப் புடிச்சுக்கினாங்க.

பின் ரூம்ல ஒரு பெஞ்சு, ஒரு தண்ணி டிரம்மு. அந்தப் பொம்பள பேரு செங்கம்மா. விஜயபுரம் பக்கத்துல ஒரு ஊரு, வேர்க்கடல காட்டுல கூலி வேல. புருஷன் உட்டுட்டுப் போயிட்டான். ஒரே பையன், அண்ணி ஊட்ல விட்டுட்டு வந்திருக்கா. இவ்ளோதான் வாங்க முடிஞ்சுது. மாதவி பேர எடுத்தாலே வாய் பூட்டிக்கிது. டீ குடுத்தேன், எடது கையால வாங்கினா. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டிச்சு. வலது கைய முந்தானைக்குள்ள வெச்சிருந்தா.

"கையக் காட்டு."

காட்டல. நானே புடிச்சுத் திருப்பினேன். உள்ளங்கை நடுவுல கருப்பா, ரூபா அகலத்துக்கு கரி. சாமிக்கு கற்பூரம் ஏத்தறவங்களுக்கு வெரல் நுனிலதான் கரி ஒட்டும். எரியற கற்பூரத்த அடிச்சு அணைக்கிறவங்களுக்குத்தான் உள்ளங்கைல.

"அடிச்சுட்டியா?" என்றேன்.

அவ கண்ணுல தண்ணி நின்னுது. தலைய மட்டும் ஆட்டினா.

எனக்கு வந்துதே கோவம். "அய்ய, கற்பூரம் கடைல விக்கிற சாமான்டி. அது எரிஞ்சா நெருப்பு, அணைஞ்சா கரி. வெளிய அந்தப் பொண்ணோட அம்மா நெஞ்சுல அடிச்சுக்கினு கீறா. அது பச்சப் புள்ள. நாளைக்கு எவன் ஊட்டுலயோ பூட்டிக் கெடக்கப் போவுது. நீ வாயத் தொறந்தா அது பொழைக்கும். ஒரு கரிக்கு பயந்துக்கினு உக்காந்துக்கினு கீறியே, நீயும் ஒரு புள்ளயப் பெத்தவதான?"

"பெத்ததாலதான் பயப்படறேன்" என்றாள் செங்கம்மா. அவ பேசின மொதல் முழுப் பேச்சு அதுதான். "யஸ்வந்த் தலை மேல அடிச்சிருக்கேன் அக்கா. போன வருஷம் டெங்கு வந்து செத்துப் பொழச்சவன். வாயத் தொறந்து அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ வந்து உசுரு குடுப்பியா?"

முன் ரூம்ல போன் அடிச்சு அடிச்சு ஓஞ்சுது. மறுபடி அடிச்சுது.

ராம்ப்ரசாதும் வந்து வாசப்படில நின்னு கேட்டுக்கினு இருந்தான். அவங்க அப்பா மலை மேல கோயில்ல பாசுரம் சேவிக்கிறவரு. இவன் சாமியே இல்லன்னு சொல்றவன். அந்த ஊட்ல எப்படிப் பொறந்தான்னு இன்னிக்கும் எனக்குப் புரியல. ஆனா தங்கமான புள்ள. உள்ள வந்து செங்கம்மா முன்னால கீழ உக்காந்தான்.

"அம்மா, உங்க ஊர்ல சத்தியத்த இன்னொருத்தர் எடுத்துக்கலாம்னு சொல்லுவாங்க இல்ல? நான் எடுத்துக்கறேன். இப்பவே கற்பூரம் வாங்கிண்டு வரேன், நான் அடிக்கிறேன். எது வந்தாலும் எனக்கு வரட்டும்."

எங்க கிராமங்கள்ல அது உண்டு. சத்தியத்த முறிக்க முடியாது, ஆனா வேற ஒருத்தர் தாங்கிக்கலாம். அடிச்ச எடத்துலயே மறுபடி கற்பூரம் ஏத்தி, தாங்கிக்கிறவங்க தன் புள்ள பேர சொல்லி அடிச்சா, பாரம் இந்தக் கைலருந்து அந்தக் கைக்குப் போயிடும். என் நைனா ஊர்ப் பஞ்சாயத்துல ஒரு தரம் பாத்திருக்கேன், சின்னப் புள்ளயா இருந்தப்போ.

செங்கம்மா அவனப் பாத்தா. "உனக்கு புள்ள இருக்கா சாமி?"

"இல்லம்மா. கல்யாணமே ஆகல."

"சாமி மேல பயம் இருக்கா?"

அவன் பொய் சொல்லத் தெரியாதவன். இல்லன்னு தலைய ஆட்டினான்.

"அப்போ உங்கிட்டப் போவாது. என் புள்ள மேலயே நிக்கும்" என்றாள்.

அந்த நேரம் பாத்து அலர்மேல் உள்ள ஓடி வந்துட்டா. எல்லாத்தையும் கேட்டுக்கினு இருந்திருக்கா. செங்கம்மா கால்ல விழுந்து, "நான் அடிக்கிறேன்மா, எம் பொண்ணு மேல நான் அடிக்கிறேன், எங்க இருக்கான்னு சொல்லு" என்றாள். செங்கம்மா அவளத் தூக்கப் பாத்து முடியாம தானும் கீழ உக்காந்துட்டா. ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுக்கினு அழுதாங்க. "உம் பொண்ணு ஏற்கனவே அவன் கைல கீறா. அவ மேல இன்னும் என்னத்த ஏத்துவ?" என்றாள் செங்கம்மா.

அழுது முடிச்சுட்டு நிமுந்து என்னப் பாத்தா. என் போன் மடில இருந்துது. அதுல காவ்யா படம். ஸ்கூட்டி மேல உக்காந்துக்கினு நாக்க நீட்டிக்கினு இருக்கற படம்.

"இது உம் பொண்ணா அக்கா?"

ஆமான்னேன்.

"நீ எடுத்துக்கிறியா?"

உங்க கிட்ட மறைக்க என்ன இருக்கு. எத்தினி ஊரு, எத்தினி மீட்டிங், எத்தினி தரம் இந்தக் கையத் தட்டிக் காட்டியிருப்பேன். இப்போ சரி வாடின்னு எழுந்து போயிருக்கணும். நான் போன கவுத்து வெச்சுக்கினேன்.

காவ்யா சித்தூர்ல நர்சிங் படிக்கிறா. ரூம்லருந்து ஆஸ்பத்திரிக்கு அந்த ஹைவேலதான் ஸ்கூட்டி ஓட்டிக்கினு போவா. லாரிங்க எமன் மாதிரி போற ரோடு. அவளுக்கு முன்னாடி ரெண்டு கலைஞ்சுது எனக்கு. இவ தங்கினா மொட்டை போடறேன்னு வேண்டிக்கினு, தங்கினதும் இந்த மலைக்குத்தான் தூக்கிக்கினு வந்தேன். அவ மேல அடிக்கறதா? வாய்ல அந்தப் பேர சொல்லி, எரியற நெருப்ப அடிக்கறதா?

தண்ணி டிரம்மு கிட்டப் போய் மொகத்துல தண்ணி அடிச்சுக்கினேன். வேற பேர சொல்லிடலாமான்னு தோணிச்சு. இவளுக்கு என்ன தெரியும், எதோ ஒரு பேரு. அப்படி அடிச்சா அது சிட்டிபாபு வேல. ஊருக்குத்தான் உபதேசம்னு சொல்றாங்களே, அது நான்தான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும். நான் இதெல்லாம் நம்பறது இல்ல. நம்பாதவ எதுக்குடி வேற பேரு தேடறன்னு என்ன நானே திட்டிக்கினேன்.

அப்போதான் கவனிச்சேன். முன் ரூம்ல போன் சத்தம் நின்னு போயிருந்துது. மேடம் எட்டிப் பாத்து, "தீனா போன் பண்றத நிறுத்திட்டான்" என்றாங்க. அதுக்கு அர்த்தம் என்னன்னு யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்ல. அலர்மேல் வாயில முந்தானைய அடைச்சுக்கினா.

"வா" என்றேன் செங்கம்மா கிட்ட.

மொதல் படிக்கு ரொம்ப தூரம் இல்ல. வழில சிட்டிபாபு உக்காந்திருந்தான். எங்க போறோம்னு அவனுக்கு தெரிஞ்சுடுச்சு போல, அன்னிக்கு மொதல் தரமா அவன் மொகம் மாறிச்சு. "செங்கம்மா, யஸ்வந்த நெனச்சுக்கோ" என்றான். மேடம் அவன் வாயத் தெலுங்குல மூடினாங்க. அத இங்க எழுத முடியாது.

படிக்கட்டுல கூட்டம். கோவிந்தா கோவிந்தான்னு கத்திக்கினு ஏறுறாங்க. ஒவ்வொரு படிக்கும் மஞ்சளு, குங்குமம் வெச்சுக்கினு பொம்பளைங்க குனிஞ்சு குனிஞ்சு போறாங்க. எங்கள யாரும் திரும்பிப் பாக்கல. எல்லாரும் வேண்டிக்கினு வந்தவங்கதான், நாங்களும் அப்படித்தான்னு நெனச்சிருப்பாங்க. ராம்ப்ரசாத் ஓடிப்போய் கற்பூரம் வாங்கியாந்தான். செருப்ப விட்டுட்டு நின்னேன். கல்லு சுட்டுது.

செங்கம்மா ஒரு கட்டி வெச்சு ஏத்தினா. எரிஞ்சுது. நான் கைய ஓங்கினேன். காவ்யான்னு சொல்லணும். நாக்க நீட்டிக்கினு இருந்தாளே, அந்த மூஞ்சிதான் கண்ணு முன்னால நிக்குது. நான் கைய ஓங்கிக்கினே நின்னேன். கற்பூரம் சின்னதாகி, சின்னதாகி, தானா அடங்கிடுச்சு.

தோத்துட்டேன்னு நெனச்சேன். செங்கம்மா என் மொகத்தையே பாத்துக்கினு இருந்தா. இன்னொரு கட்டிய எடுத்து வெச்சு ஏத்தினா.

"என் பொண்ணு காவ்யா மேல" என்றேன். என் கொரலு எனக்கே கேக்கல. திருப்பி சத்தமா சொன்னேன். "என் பொண்ணு காவ்யா மேல. செங்கம்மா அடிச்சது இனிமே என்னுது. யஸ்வந்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. வந்தா எங்கிட்ட வரட்டும்." சொல்லிட்டு அடிச்சேன்.

சுட்டுது. நல்லாவே சுட்டுது.

செங்கம்மா என் கையப் புடிச்சுத் திருப்பி, கரியப் பாத்தா. தன் கையப் பக்கத்துல வெச்சுப் பாத்தா. அப்புறம் சொன்னா. "அந்த வக்கீலு தம்பி சிரிச்சுக்கினே அடிச்சிருக்கும். பயம் இல்லாத கைக்கு இது போவாது அக்கா. நீ பயந்த. அதான் உங்கிட்ட வந்துடுச்சு." ஒரு மூச்சு விட்டா. "புத்தூர் தாண்டி, நகரி போற ரோட்டுல மூடிக் கெடக்குற மாவு மில்லு. பின்பக்கம் ரெண்டு ரூமு, பச்ச கேட்டு. நேத்து ராத்திரி அங்கதான் படுத்தோம். காலைல ரெண்டு பேரையும் இங்க கூட்டியாந்து அடிக்க வெச்சான். ஒண்ணாப் போனா சந்தேகம் வரும்னு அந்தப் பொண்ண தீனாவோட முன்னாடி அந்த மில்லுக்கே திருப்பி அனுப்பிட்டான். மதியம் சாப்பாடு துன்னதும் கார் வரும்னு சொன்னான்."

மேடம் அங்கருந்தே புத்தூர் ஸ்டேஷனுக்கு போன்ல சொல்லிக்கினே ஓடினாங்க. ராம்ப்ரசாதும் அலர்மேலும் ஜீப்புல ஏறிக்கினாங்க. என்ன கூப்பிட்டாங்க, நான் வரலன்னுட்டேன். எனக்கு ஒரு போன் பண்ணணும்.

காவ்யா எடுக்கல.

மறுபடி பண்ணேன். மணி அடிச்சுக்கினே இருந்துது, எடுக்கல. இந்த நேரத்துல வார்டுல இருப்பா, போன பைக்குள்ள போட்டிருப்பா, எடுக்கமாட்டா, இது எனக்குத் தெரியாதா? எல்லா நாளும் எடுக்கமாட்டா. ஆனா அன்னிக்கு ஒவ்வொரு மணிக்கும் எனக்கு ஒரு லாரி போச்சு. சித்தூர்ல தெரிஞ்சவங்க யாருன்னு யோசிக்கிறேன், ஒரு பேரு கூட நெனப்பு வரமாட்டேங்குது.

அவுட்போஸ்ட்ல கான்ஸ்டேபிள் ஹரிபாபு வந்து, செங்கம்மாவ ஊருக்கு கொண்டு போய் விட வண்டி ரெடின்னாரு. அவ எழுந்திருக்கல.

"போம்மா, புள்ள தேடிக்கினு இருக்கும். சனிக்கிழமை சனிக்கிழமை போன் பண்ணுவேன், எடுக்கலன்னா நான் பஸ் ஏறி வந்துடுவேன்" என்றேன்.

"உம் பொண்ணு எடுக்கட்டும். அப்புறம் போறேன்."

"அடியே, அது வேலைல இருக்கும்டி. ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா எதுக்கு இத்தினி வாட்டி பண்ற?" என்றாள். ரெண்டு பேரும் பெஞ்சுல உக்காந்துக்கினு இருந்தோம். அவ ஒரு கையால என் முட்டியப் புடிச்சுக்கினு இருந்தா. சிட்டிபாபு முன் ரூம்ல தண்ணி கேட்டான். யாரும் குடுக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு ஹரிபாபு குடுத்தாரு.

மொதல்ல வந்தது ராம்ப்ரசாத் போனு. பச்ச கேட்டுக்கு வெளிய காரு கெளம்பி நின்னுதாம். புத்தூர் போலீசு குறுக்க ஜீப்ப நிறுத்திடுச்சாம். பின் சீட்டுல மாதவி. தீனா காட்டுக்குள்ள ஓடி, ஓட முடியாம உக்காந்துட்டானாம்.

"பொண்ணு நல்லா இருக்கா கங்கக்கா. ஆனா பேசல. அம்மாவப் பாத்தும் பேசல. பேரக் கேட்டா அந்தப் பொய்ப் பேரத்தான் சொல்றது. கைய மூடிண்டே இருக்கு. அலர்மேல் பிரிச்சுப் பாத்தா, உள்ளங்கைல கரி. யாரு மேல அடிச்சேன்னு கேட்டதுக்கு, 'உம் மேலதாம்மா, சொன்னா நீ செத்துடுவ'ன்னு அழறது."

"அலர்மேல் என்ன சொன்னா?"

"முந்தானைல எச்சி தொட்டு அந்தக் கரியத் தொடச்சா. தொடச்சுட்டு, 'எம் மேலதான? நான் பாத்துக்கறேன், நீ பேரச் சொல்லுடி'ன்னா. அப்புறம்தான் மாதவின்னு சொல்லிச்சு."

செங்கம்மாவுக்கு சொன்னேன். அவ மூஞ்சி கொஞ்சம் தெளிஞ்சுது. ஆனா எழுந்திருக்கல. என் போனையே பாத்துக்கினு இருந்தா. ஒரு பொண்ணு கெடச்சுட்டா, இன்னொண்ணு எடுக்கல. நானும் சந்தோஷப்படணும்னு பாக்கறேன், முடியல.

வெயில் எறங்கறப்போ போன் அடிச்சுது. காவ்யா.

"என்னம்மா இது, இத்தினி மிஸ்டு கால்? ஆபரேஷன் தியேட்டர்ல போஸ்டிங் போட்டுட்டாங்க, போன வெளிய வெச்சுட்டுப் போகணும். யாருக்கு என்ன ஆச்சு?"

ஊரே கேக்கற மாதிரி திட்டற வாயி, ஒரு ஹலோ சொல்ல முடியல. செங்கம்மா என் கைலருந்து போன வாங்கிக்கினா.

"அம்மா, நல்லா கீறியா? துன்னியா?"

"துன்னேன். நீங்க யாரு?"

"விஜயபுரம் பக்கம். உங்க அம்மாவுக்கு தெரிஞ்சவ. இன்னிக்கு ஸ்கூட்டி எடுக்காத தாயி, பஸ்ல போ" என்று சொல்லிட்டு போன எங்கிட்ட குடுத்தா. காவ்யா அந்தப் பக்கம், அம்மா, அம்மான்னு கத்திக்கினு இருந்தா. "ஆமாடி, பஸ்ல போ. எதுக்குன்னு கேக்காத" என்றேன். அவ திட்ட ஆரம்பிச்சா. எங்கிட்ட கத்துக்கினதுதான. திட்டு முடியற வரைக்கும் காதுலருந்து போன எடுக்கல நான்.

செங்கம்மா பைய எடுத்துக்கினு வண்டில ஏறினா. ஹரிபாபு கதவ சாத்தப் போனாரு, அவ கையால தடுத்து என்னக் கூப்பிட்டா. கற்பூரம் கடைல விக்கிற சாமான்னியே, இப்போ எங்க போச்சு உன் பேச்சுன்னு கேக்கப் போறாளோன்னு போனேன்.

"அக்கா, நான் சனிக்கிழமை சனிக்கிழமை போன் பண்றேன். உம் பொண்ணு எப்படி கீறான்னு நீ சொல்லணும்" என்றாள். "எடுக்கலன்னா நான் பஸ் ஏறி வந்துடுவேன்."

சரின்னேன்.